வலைக்கு ஈயம் வார்ப்பது: எங்கே வாங்குவது, எதில் உருக்குவது?

வாசகர் கேள்வி, 22.04.2023

தடைக்காலம் தொடங்கிவிட்டது, விசைப்படகு கரையில் நிற்கிறது. ஜூன் 14 வரை சும்மா இருப்பதற்கு வீச்சுவலை ஒன்றைப் புதிதாகக் கட்டலாம் என்று இருக்கிறேன். ஈயக்குண்டு கடையில் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே வார்த்துக்கொள்ளலாமா? செத்துப்போன லாரி பேட்டரி இரண்டு கிடக்கிறது. உடைத்தால் ஈயம் சும்மா கிடைக்கும்தானே? உருக்கும்போது வரும் புகைதான் ஆபத்து, காற்று பார்த்து நின்றால் போதும் என்கிறார்கள். சரியா?

22.04.2023, மாலை

பேட்டரியை உடைக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

உள்ளே இருக்கும் தகடு பார்ப்பதற்கு ஈயம் மாதிரி இருக்கும். அதில் பெரும்பகுதி ஈய ஆக்சைடும் சல்பேட்டும் கலந்த பசை. விறகு அடுப்பில் அது உருகாது, தூளாகக் கிடந்து பறக்கும். அதை உலோகமாக்க ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடு ஏறும் உலை வேண்டும். தகட்டின் சட்டத்தில் ஆன்டிமனி, கொஞ்சம் ஆர்சனிக், புதிய பேட்டரி என்றால் கால்சியம். அந்தக் கசடு பிறகு ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்று இரண்டு வாயு கிளம்பலாம். இரண்டும் ஆளைக் கொல்பவை. இத்தனைக்கும் இன்னும் ஆசிட் பற்றி நான் பேசவே இல்லை.

செனகலில் டாக்கர் நகரை ஒட்டி தியாரோய் சுர் மேர் என்று ஓர் ஊர், நம்மைப் போல மீன்பிடிக்கிற ஊர். பழைய பேட்டரி உடைத்த இடத்து மண்ணைச் சலித்து, மூட்டை கட்டி வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள்.

பேட்டரியைக் கடையில் கொடுத்தால் காசு தருவார்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் முறையாகத் திருப்பித் தரவேண்டும் என்பது 2001 முதல் சட்டமும்கூட. அந்தக் காசில் சுத்தமான ஈயம் வாங்குங்கள்.

23.04.2023

ஈயம் எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் வாங்கும் இடங்கள்:

காயலான் கடையில் பழைய டெலிபோன் கேபிளின் மேலுறை. ஏறக்குறைய தனி ஈயம், நகத்தால் கீறினால் கோடு விழும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி எழுதும். (பென்சிலில் ஈயம் கிடையாது, அது வேறு கதை.) ஆனால் யார் எங்கே வெட்டிக்கொண்டு வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சுருள் புத்தம் புதிதாக மின்னினால் நான் கையால் தொடுவதில்லை.

எக்ஸ்ரே அறையைப் பிரிக்கும்போது வரும் ஈயத் தகடு. அதிர்ஷ்டம் இருந்தால் மட்டும்.

அப்புறம் டயர் கடை. மச்சான் வீல் பேலன்சிங் கடை வைத்திருக்கிறார். கழற்றிப் போட்ட எடைக்கட்டிகள் ஒரு பெயின்ட் வாளியில் சேரும். மாதம் ஒரு வாளி, பதிலுக்கு மடவை மீன். என் ஈயத்தில் பாதி அங்கிருந்துதான்.

24.04.2023

வாளியில் எல்லாமே ஈயம் அல்ல என்று எழுத மறந்துவிட்டேன். ஐரோப்பாவில் கார்களுக்கு ஈய எடைக்கட்டியை 2005இல் நிறுத்திவிட்டார்கள். இங்கேயும் இப்போது துத்தநாகமும் இரும்பும் நிறைய வருகின்றன. கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள். ஈயம் என்றால் பல் பதியும், துத்தநாகம் என்றால் வழுக்கும். சிமென்ட் தரையில் போட்டால் ஈயம் 'தொப்' என்று விழும், மற்றவை 'ணங்' என்று பாடும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இரண்டு வாளி பிரித்துப் பார்த்தால் காது பழகிவிடும்.

துத்தநாகம் கலந்தால் என்ன ஆகும்? ஈயம் கஞ்சி மாதிரி கெட்டியாகி அச்சுக்குள் ஓடாது. 8 கிலோவை அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

24.04.2023, இரவு

சூடு எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்ல வார்ப்பு. அப்பா சொன்னது.

02.05.2023

மேலே எழுதியது தப்பு. அப்பாவை மன்னித்துவிடுங்கள்.

ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419இல். நடுவில் 90 டிகிரி இடைவெளி இருக்கிறது. 370 அளவில் நிறுத்தினால், தவறி விழுந்த துத்தநாகக் கட்டி உருகாமல் மேலே மிதக்கும். எடைக்கட்டிகளின் இரும்புக் கொக்கிகளோடு சேர்த்துக் கரண்டியால் அள்ளிப் போட்டுவிடலாம். அப்பா காலத்து முறையில் அடுப்பைக் கொளுத்திவிட்டதால்தான் என் 8 கிலோ கஞ்சியானது. தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு: உருகிய ஈயத்தின் மேல்பரப்பில் மயில்கழுத்து மாதிரி பொன்னும் ஊதாவும் ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, விறகை இழுங்கள்.

அடுப்பில் வைக்கும்போது ஒரு மெழுகுத் துண்டோ ஒரு பிடி மரத்தூளோ போட்டுக் கிண்டுவது கசடு பிரிய. மெழுகு குபீரென்று பற்றும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

04.05.2023

டெக்சஸில் இருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர், அங்கே அது பொழுதுபோக்கு. அவர்களும் டயர் கடை வாளிக்குத்தான் அலைகிறார்களாம், இப்போது சண்டையே நடக்கிறதாம். அவர்களுக்குத் தனி ஈயம் உதவாது, குழலுக்குள் ஈயம் ஒட்டும். ஆன்டிமனி கலந்து கெட்டியாக இருக்கவேண்டும். அதற்கு அச்சகங்களில் எழுத்து வார்க்கப் பயன்பட்ட லைனோடைப் அச்சு உலோகம் தேடுவார்களாம்: 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். மற்றபடி அடுப்பு, கசடு, துத்தநாகம், தண்ணீர் எல்லாம் அதே கதை. இங்கே யாரும் ஆசைப்பட வேண்டாம், உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது ஆயுதச் சட்டப்படி குற்றம். நமக்கு மடவை போதும்.

வலைக்குண்டுக்குக் கெட்டி தேவையில்லை, மெத்தென்று இருப்பதே நல்லது. கயிற்றில் வைத்து நசுக்க வசதி.

அச்சு உலோகம் என்றதும் ஞாபகம். ஊரில் மூடிய அச்சகம் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ தமிழ் எழுத்து என்னிடம் வந்தது. சட்டியில் போடப் போனவன் ஒரு 'ழ'வைப் பார்த்து நின்றுவிட்டேன். கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நிற்கும் 'ழ', கொக்கி முனை தேயாமல். எல்லாவற்றையும் திரும்ப டப்பாவில் போட்டேன். இன்னும் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது.

11.05.2023

தண்ணீர் பற்றி. இதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும்.

2021 தடைக்காலம். பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் அச்சு செய்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். தொட்டால் காய்ந்திருந்தது. முதல் கரண்டி ஊற்றினேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை, அப்புறம் 'பட்' என்று ஒரு சத்தம், அச்சுக்குள் இருந்த ஈயம் முழுக்க என் மேல். சட்டையில் ஏழு ஓட்டை. புருவத்தில் ஒரு சொட்டு உறைந்து ஒட்டிக்கொண்டது, பிய்த்தால் முடியோடு வந்தது. மூக்குக்கண்ணாடியின் வலது வில்லையில் ஒரு வெள்ளிப்பொட்டு, சரியாகக் கண்மணிக்கு நேரே. அந்தக் கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறேன்.

தண்ணீர் நீராவியாகும்போது 1600 மடங்குக்கு மேல் விரியும். பிளாஸ்டர் வெயிலில் காய்ந்தாலும் உள்ளே தண்ணீர் பிடித்து வைத்திருக்கும், அடுப்புச் சூட்டில் மணிக்கணக்கில் காய்ச்சித்தான் எடுக்கவேண்டும். இப்போது அலுமினிய அச்சுக்கு மாறிவிட்டேன். ஊற்றும் முன் மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்தால் குண்டு ஒட்டாமல் கழலும்.

முழுக்கை பருத்திச் சட்டை, மூடிய செருப்பு, கண்ணாடி. லுங்கி கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து வார்க்கும் படம் ஒன்றை ஒருவர் அனுப்பியிருந்தார். அண்ணே, எழுந்திருங்கள்.

12.05.2023

"நெற்றி வியர்வை சொட்டினாலே வெடிக்குமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. மேலே விழும் சொட்டு தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி குதித்து ஓடிவிடும். ஈயத்துக்கு அடியில் தண்ணீர் போனால்தான் வெடி. ஆகவே பயப்படவேண்டியது வியர்வைக்கு அல்ல, கொதிக்கும் சட்டியில் புதிதாகப் போடும் துண்டுக்கு. கேபிள் உறைக்குள் மழைத்தண்ணீர் நிற்கும், வெளியே தெரியாது. புது ஈயத்தைக் குளிர்ந்த சட்டியில் போட்டு அடுப்பை மூட்டுங்கள், நடுவில் சேர்க்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நான் வார்ப்பதே இல்லை. எல்லாமே ஈரம்.

30.05.2023

புகை பற்றிய முதல் கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று சுட்டிக்காட்டினார்கள்.

ஈயம் கொதிப்பது 1749 டிகிரியில். நாம் நிற்பது 400க்குக் கீழே. அந்தச் சூட்டில் ஈய ஆவி மிகக் குறைவு, நீங்கள் பார்க்கும் புகை மெழுகும் அழுக்கும் கேபிள் தாரும் எரிவது. அதற்காக மூடிய அறையில் வார்க்கச் சொல்லவில்லை, கொல்லையில் கூரை இல்லாத இடத்தில்தான் வார்க்கவேண்டும். ஆனால் விஷம் உள்ளே போகும் முக்கிய வழி மூக்கு அல்ல, வாய். மேலே அள்ளும் சாம்பல் நிறக் கசடு இருக்கிறதே, அது முழுக்க ஆக்சைடுத் தூள். கையில் ஒட்டும், பீடியில் ஒட்டும், டீ கிளாசில் ஒட்டும். கசடை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

அப்பா தூண்டில் நரம்பில் ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்குவார். நானும் முப்பது வருடம் அப்படித்தான். தூண்டில் போடுகிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள், பிளேயர் பெட்டிக்குள் இருக்கும், வாய் பக்கத்தில் இருக்கும்.

03.09.2023

மூன்று மாதம் எழுதவில்லை. காரணம் உண்டு.

பல்லால் கடிப்பது பற்றி எழுதிய பிறகு எனக்கே உறுத்தியது. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க மதுரையில் கொடுத்தேன். டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம். 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: வீட்டில் குழந்தை உண்டா?

மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு 8. மனைவிக்கு 9.

04.09.2023

நேற்று அதோடு நிறுத்திவிட்டேன்.

நான் உருக்கும் இரும்புச் சட்டி கொல்லையில் கவிழ்த்து வைத்திருப்பேன். போன வருடம் அம்மா வந்திருந்தபோது அதைத் தேய்த்து வற்றல் வறுத்திருக்கிறார். "நல்ல கனமான சட்டி, வீணாகக் கிடந்தது" என்றார். எத்தனை தடவை என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. வார்க்கும் சட்டை மற்ற துணிகளோடு அதே வாளியில் ஊறியிருக்கிறது. மகள் என் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் நடப்பாள்.

பேட்டரிக்காரருக்கு அவ்வளவு உபதேசம் செய்தவன் நான். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. இங்கே பித்தளை நான்.

ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். ரத்தத்தில் உள்ளது மாதங்களில் குறையும், எலும்பில் சேர்ந்தது பல வருடம் இருக்கும். மாத்திரை தேவைப்படும் அளவு இல்லை, வரும் வழியை அடையுங்கள் என்றார் டாக்டர்.

சட்டியில் ஓட்டை போட்டேன், இனி யாரும் சமைக்க முடியாது. துணிக்குத் தனி வாளி, செருப்பு கொல்லையோடு சரி. வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் உள்ளே. நரம்புக்குப் பிளேயர். முதல் வாரம் வாய் தானாகப் போனது.

17.09.2023

ஒருவர் கேட்கிறார்: மாமியாரின் பழைய ஈயச் சொம்பு, ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்து உருகிப்போனது, அதை வலைக்குண்டோடு சேர்க்கலாமா?

ஐயா, அது வேறு ஈயம். நம் மொழியில் வந்த வம்பு இது. காரீயம் ஒன்று, வெள்ளீயம் ஒன்று, இரண்டையும் வாயில் ஈயம் என்றே சொல்கிறோம். வலையில் கட்டுவது காரீயம். ரசம் வைப்பதும், பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகும், அதனால்தான் காலிச் சொம்பு அடுப்பில் சாய்கிறது. விலையும் காரீயத்தைப் போலப் பல மடங்கு. கொஞ்சம் சேர்த்தால் வார்ப்பு கண்ணாடி மாதிரி வரும், ஆனால் மீனுக்கு எதற்குக் கண்ணாடி? பாத்திரக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஈயச் சொம்பில் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பாதீர்கள். அதில் காரீயமே இல்லை.

20.01.2024

மறுபடி ரத்தம் கொடுத்தோம். நான் 12. நல்ல இறக்கம்.

மகள் 8. மனைவி 9. அசையவில்லை.

21.01.2024

மண்ணைச் சொன்னார்கள், கொல்லை மேல்மண்ணை வெட்டி எடுத்தாயிற்று. சுவர் பெயின்ட் சொன்னார்கள், சுண்ணாம்புச் சுவர்தான். அச்சு எழுத்து டப்பாவை மகள் எடுத்தாளா என்றார்கள், மேலே நூலாம்படை அப்படியே இருக்கிறது.

06.02.2024

ஒரு வாசகர் ஒரே வரி எழுதினார்: "உங்கள் வீட்டில் நீங்கள் சாப்பிடாத, அவர்கள் இரண்டு பேரும் சாப்பிடுவது எது?"

ரசம். எனக்குப் புளி ஆகாது, வயிற்றுப்புண். மோர்தான். அவர்களுக்குத் தினமும் ரசம். ஈயச் சொம்பில்.

அந்தச் சொம்பு பழையது அல்ல. பழையது உருகிப்போய், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திருவிழாக் கடையில் வாங்கியது. "இவ்வளவு மலிவா" என்று சந்தோஷப்பட்டது நான்தான்.

07.02.2024

எடை போட்டுப் பார்த்தேன். முறை சுலபம், டயர்க் கட்டி பிரிக்கவும் இது உதவும். சமையல் தராசில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பொருளை நூலில் கட்டி, அடியைத் தொடாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காற்றுக்குமிழி நிற்கக்கூடாது. தராசு காட்டும் கிராம்தான் அந்தப் பொருளின் கன அளவு, மில்லியில். வெளியே நிறுத்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3, துத்தநாகம் 7.1.

சொம்பு 412 கிராம். தண்ணீரில் 49. வகுத்தால் 8.4.

கணக்கைத் திருப்பிப் போட்டால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரீயம். தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டலாம், நூல் கொஞ்சம் இடம் பிடிக்கலாம், அதற்காக 7.3 ஆகாது. அதில் புளித்தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு.

17.09.2023 குறிப்பின் கடைசி வரியை யாரும் படிக்காதீர்கள். அழிக்காமல் விட்டிருப்பது வேண்டுமென்றேதான். சொம்பு எதனால் செய்திருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, என் வீட்டுச் சொம்பு எதனால் செய்தது என்று தெரியவில்லை.

மனைவியிடம் சொன்னபோது காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல இருந்திருக்கும். அவள் கேட்டது இதுதான்: "நீங்க கொல்லையில காய்ச்சுறதுக்கு அஞ்சு மாசமா நான் உங்களத் திட்டிட்டு இருந்தேன்ல?" ஆமாம். "அதுவும் சரிதான்," என்றாள்.

12.02.2024

எல்லோருக்கும் ஒரே பதில்: உங்கள் சொம்பை நான் பார்க்கவில்லை. தராசும் நூலும் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஆனால் ஒன்று, 7.3 வந்தால் சுத்தம் என்று சத்தியம் செய்யமாட்டேன். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கலந்தால் சமையல் தராசுக்குத் தெரியாது. அதற்குப் பரிசோதனைக் கூடம்தான்.

02.05.2024

தடைக்காலம். வாளி நிரம்பியிருக்கிறது. இங்கிலாந்தில் தூண்டிலுக்குச் சின்ன ஈயக்குண்டு விற்பதை 1987லேயே நிறுத்திவிட்டார்கள், அன்னங்கள் விழுங்கிச் செத்ததால். பாறைப் பக்கம் தூண்டில் போடும்போது நான் இப்போது பழைய ஸ்பார்க் பிளக் கட்டுகிறேன். மாட்டிக்கொண்டு அறுந்தாலும் வருத்தமில்லை, மச்சானிடம் அதுவும் ஒரு வாளி இருக்கிறது. வீச்சுவலைக்கு மட்டும் இன்னும் வேறு வழி தோன்றவில்லை. இரும்பு நட்டு கோத்துப் பார்த்தேன், வலை விரியாமல் வேட்டி மாதிரி விழுந்தது.

23.06.2024

நான் 9. மனைவி 5. மகள் 4.

30.06.2024

சொம்பை என்ன செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதை யாருக்கும் கொடுக்க மனமில்லை, காயலான் கடையில் போட்டால் யார் வீட்டு அடுப்புக்குப் போகுமோ. உருக்கினேன். ஓட்டை போடாத புதுச் சட்டி, கொல்லையிலேயே பூட்டு. நான் இதுவரை வார்த்ததிலேயே அழகான குண்டுகள் அவைதான், ஒரு மடிப்பு இல்லை, ஒரு துளை இல்லை, முகம் தெரிகிறது. நேற்று விடியற்காலை வலையில் கட்டி வீசினேன். இரண்டு கெளுத்தி, ஒரு செருப்பு.